ஆடும் கெப்பாசிட்டரை எதைக் கொண்டு நிறுத்துவது?

மேசைக்கு வந்த போர்டில் கருகிய இடம் ஒன்றும் இல்லை. ஃபியூஸ் நன்றாக இருந்தது. மோட்டாரின் உடம்பிலேயே பொருத்தி ஓடிய கன்ட்ரோலர் அது. சில மாதம் விட்டு விட்டு வேலை செய்து, கடைசியில் ஒரேயடியாக நின்றுவிட்டது. உள்ளீட்டுப் பக்கம் உயரமாக நின்ற எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டரை விரல் நுனியால் தொட்டேன். விழப்போகும் பால்பல் மாதிரி ஆடியது. கழற்றி லென்ஸில் பார்த்தால், சால்டர் கூம்பு குறையே இல்லாமல் பளபளவென்று இருக்கிறது. அதற்கு மயிரிழை மேலே ஒரு கால் கத்தரித்தாற்போல் அறுந்திருக்கிறது. இன்னொரு கால் பாதி அறுந்து மீதியில் தொங்கிக்கொண்டிருந்தது. அந்த மீதிப் பாதி பிடித்து வைத்திருந்ததால்தான், அறுந்த கால் தொட்டும் விலகியும் அத்தனை நாள் விட்டு விட்டு வேலை செய்திருக்கிறது.

வேடிக்கை என்னவென்றால், கெப்பாசிட்டரின் அடியில் ஹாட் க்ளூ இருந்தது. தாராளமாகவே வைத்திருந்தார்கள். க்ளூ போர்டைப் பிடித்துக்கொண்டு கெப்பாசிட்டரைக் கைவிட்டிருந்தது. கெப்பாசிட்டரின் பிளாஸ்டிக் உறை படிந்த அச்சு, மெழுகில் பதிந்த மாதிரி அதில் வழவழவென்று தெரிந்தது. ஒட்டியதாக நினைத்த இடத்தில் வெறும் தொட்டில்தான் இருந்திருக்கிறது.

இந்த மாதிரி போர்டைக் காட்டினால் பலரும் கேட்கும் முதல் கேள்வி, "இருப்பதிலேயே பலமான பசை எது?" அந்தக் கேள்வியில் தொடங்கினால் தப்பான டப்பாவைத்தான் எடுப்போம். எது எதைச் சார்ந்து அசைகிறது என்று முதலில் பார்க்க வேண்டும். போர்டு வளைகிறதா? போர்டு சும்மா இருக்க, அதன் மேல் காம்போனென்ட் மட்டும் தலையாட்டுகிறதா? இரண்டும் சேர்ந்தா? மருந்து அதைப் பொறுத்துத்தான்.

அடி வேறு, அதிர்வு வேறு

கீழே விழுவது, மோதுவது எல்லாம் அடி. ஒரு தடவைதான், ஆனால் பலமாக. கைபேசி போன்ற சாதனங்களின் போர்டுகளுக்கான ஜெடெக் (எலக்ட்ரானிக்ஸ் தரநிலை அமைப்பு) விழுகைச் சோதனையில் 1500 ஜி, அதாவது புவியீர்ப்பைப்போல் 1500 மடங்கு முடுக்கம் அரை மில்லி செகண்டுக்குக் கொடுக்கிறார்கள். இதில் முதலில் போவது நொறுங்கும் குணம் உள்ளவை: குவார்ட்ஸ் கிறிஸ்டல், ஃபெரைட் கோர், செராமிக் கெப்பாசிட்டர், பிஜிஏ சிப்பின் (கால்களுக்குப் பதில் அடியில் சால்டர் உருண்டைகள் உள்ள சிப்) ஓரத்து உருண்டைகள்.

அதிர்வு மெல்லக் கொல்லும். ஒரு கம்பியை முன்னும் பின்னும் வளைத்து முறிப்போமே, அதேதான். 100 ஹெர்ட்ஸில் ஒரு மணி நேரம் ஆடினால் 3,60,000 தடவை வளைந்தாயிற்று. பத்து மணி நேரத்தில் 36 லட்சம். காலுக்குள் விழுந்த விரிசல் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு அணுவளவு முன்னேறினால் போதும். இதில் போவது தலை பெருத்துக் கால் சிறுத்தவை: உயரமான கெப்பாசிட்டர், டோராய்டு காயில், ஹீட்சிங்க் கட்டிய டிரான்சிஸ்டர், தொங்கும் ஒயர்.

எவ்வளவு ஆடும் என்பதற்கு எளிய கணக்கு உண்டு. முடுக்கத்தை ஜி அளவில் எடுத்து 250ஆல் பெருக்கி, அதிர்வெண்ணின் வர்க்கத்தால் வகுத்தால், நடுநிலையிலிருந்து எத்தனை மில்லிமீட்டர் விலகுகிறது என்று வந்துவிடும். போர்டு தன் இயல்பு அதிர்வெண்ணில், அதாவது தட்டிவிட்டால் தானாக ஆடும் வேகத்தில், ஆடும்போது, வரும் அதிர்வைப் பெருக்கிக் காட்டும். அந்தப் பெருக்கம், தோராயமாக, அதிர்வெண்ணின் வர்க்கமூலம் அளவுக்கு இருக்கும் என்று வைத்துக்கொள்வது வழக்கம். ஆகவே இயல்பு அதிர்வெண் 100 ஹெர்ட்ஸ் உள்ள போர்டுக்கு வெளியிலிருந்து 1 ஜி வந்தால், அதன் நடுவில் 10 ஜி. நடுப்பகுதி கால் மில்லிமீட்டர் மேலும் அதே அளவு கீழும் போய்வருகிறது. அதே போர்டை விறைப்பாக்கி 200 ஹெர்ட்ஸுக்குத் தூக்கினால் பெருக்கம் 14 ஆகிறது, ஆனால் ஆட்டம் 0.09 மில்லிமீட்டருக்கு இறங்கிவிடுகிறது. ஏறத்தாழ மூன்றில் ஒன்று. ஜி கூடியும் ஆட்டம் குறைகிறது. கால்களையும் சால்டரையும் பெரும்பாலும் முறிப்பது இந்த வளைவுதான்.

பசைக்கு முன்னால் ஒரு ஸ்க்ரூ

இந்தக் கணக்கினால்தான், பசை டப்பாவைத் திறப்பதற்கு முன் போர்டின் ஸ்க்ரூக்களைப் பார்க்கச் சொல்கிறேன். நான்கு மூலையில் நான்கு ஸ்க்ரூ, நடுவில் ஒன்றுமில்லை, கனமான டிரான்ஸ்ஃபார்மர் சரியாக அந்த நடுவில். இந்த அமைப்பை எத்தனை போர்டில் பார்த்திருக்கிறேன் என்று கணக்கில்லை. லேஅவுட் போடுகிறவருக்கு நடுவில்தான் இடம் கிடைத்திருக்கும்.

இரு முனையில் தாங்கிய நீளப் பட்டைக்கு நடுவில் ஒரு தாங்கல் கொடுத்தால் அதன் இயல்பு அதிர்வெண் நான்கு மடங்காகும். நிஜ போர்டு பட்டை இல்லை, தகடு. அதனால் லாபம் சரியாக நான்கு மடங்காக இருக்காது. ஆனாலும் எந்தப் பசையும் தர முடியாத லாபம் அது. தடிமனைக் கூட்டுவதும் உதவும், ஆனால் அவ்வளவு இல்லை. போர்டைவிட மேலே உள்ள காம்போனென்ட்களின் எடைதான் அதிகம் என்றால், 1.6 மி.மீ. போர்டை 2.4 மி.மீ. ஆக்கும்போது அதிர்வெண் 1.8 மடங்கு ஏறும். இன்னொன்று, போர்டின் இயல்பு அதிர்வெண்ணும் அது உட்கார்ந்திருக்கும் பெட்டியின் அதிர்வெண்ணும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கக் கூடாது. ஒன்று மற்றதைப்போல் இரண்டு மடங்காவது இருக்க வேண்டும் என்பது இந்தத் துறையின் பழைய விதி. பக்கத்தில் இருந்தால் பெட்டி பெருக்கியதைப் போர்டு மறுபடி பெருக்கும்.

ஸ்க்ரூவுக்கும் ஒரு விலை உண்டு. அதன் தலைக்கு ஒட்டினாற்போல் செராமிக் சிப் கெப்பாசிட்டர் இருந்தால், இறுக்கும்போது போர்டு வளைந்து அது உள்ளுக்குள்ளேயே விரிசல் விடும். வெளியே ஒன்றும் தெரியாது. இந்த விரிசலைப் பசையால் தடுக்க முடியாது. கெப்பாசிட்டரைத் தள்ளி வைக்க வேண்டும், வளையும் திசைக்குக் குறுக்காகத் திருப்பி வைக்க வேண்டும், அல்லது முனைகள் மெத்தென்று இருக்கும் ரகத்தை வாங்க வேண்டும்.

ஸ்ப்ரிங் வாஷர் போட்டுவிட்டால் ஸ்க்ரூ கழலாது என்பது ஒரு நம்பிக்கை. இறுகிய பிறகு அது தட்டை வாஷர்தான். நாசா 1990இல் வெளியிட்ட ஃபாஸ்டனர் கையேடே இதைச் சொல்லிவிட்டது. நைலான் வளையம் வைத்த நட்டு அல்லது திரெட் லாக்கர் (மரையில் விடும் பசை) போடுங்கள். திரெட் லாக்கர் பாலிகார்பனேட் பிளாஸ்டிக்கில் பட்டால் வெடிப்பு விழும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

ஹாட் க்ளூ

எல்லார் கையிலும் இருப்பது இதுதான், அதனால் இதிலிருந்தே தொடங்கலாம். சாதாரண க்ளூ குச்சி எத்திலீன் வினைல் அசிடேட். 60 முதல் 80 டிகிரிக்குள் மெதுவாகிவிடும். மூடிய பெட்டிக்குள் பவர் சப்ளையின் பக்கத்தில் அந்தச் சூடு சாதாரணம். குளிரில் விறைத்து, வழவழப்பான பரப்பிலிருந்து பிய்ந்து வந்துவிடும்.

சூட்டைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. உருகிய க்ளூ அலுமினியக் குடுவையைத் தொட்டதும் உலோகம் சூட்டை உறிஞ்சிக்கொள்கிறது. பரவிப் பிடிப்பதற்குள் தோல் கட்டிவிடுகிறது. மேலே சொன்ன தொட்டில் அப்படி உருவானதுதான். ஹாட் ஏர் கன்னால் அந்த இடத்தைக் கொஞ்சம் சூடேற்றிவிட்டு க்ளூ வைத்தால் பிடிப்பு நன்றாகவே கூடும்.

இதன் பெரிய வசதி, வேண்டாதபோது எடுத்துவிடலாம். ஓரத்தில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் ஒரு சொட்டு விட்டால் சில நொடியில் முழுசாகக் கழன்று வரும். சோதனைப் போர்டுக்கு, ஒயரை ஒதுக்கி வைப்பதற்கு, இரண்டு நாள் காட்சிக்கு வைக்கும் சாதனத்துக்கு இது போதும். விற்பனைக்குப் போகும் பொருளில், அதிலும் மோட்டார் பக்கத்தில், வேண்டாம். பாலிஅமைடு வகை ஹாட் மெல்ட் சூட்டை இதைவிட நன்றாகத் தாங்கும். ஆனால் அது வேறு துப்பாக்கி, வேறு வெப்பநிலை.

சிலிகான்

நான் அதிகம் கைவைப்பது இதில்தான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் வாசனை. டியூபைப் பிதுக்கியதும் வினிகர் வாடை வந்தால் அது குளியலறைக்குப் போக வேண்டிய சரக்கு. இறுகும்போது அசிட்டிக் அமிலம் விடும், செம்பைப் பச்சை பூக்க வைக்கும். எலக்ட்ரானிக்ஸுக்கு வேண்டியது நியூட்ரல் க்யூர், அதிலும் ஆல்கஹால் விடும் ஆல்காக்ஸி வகை. நியூட்ரல் என்று எழுதியிருந்தாலும் ஆக்சைம் வகையாக இருந்தால் அதுவும் செம்பு, பித்தளையைத் தொட்டு வைக்கும். டியூபின் முகப்பைப் பார்த்து ஏமாறாமல் டேட்டாஷீட்டைத் திறந்து பாருங்கள்.

சிலிகான் மிருது. அதன் விறைப்பு சில மெகாபாஸ்கல்தான், எபாக்சியோ சில ஆயிரம் மெகாபாஸ்கல். இந்த மிருதுதான் இதன் பலம். கெப்பாசிட்டரை இரும்புப்பிடியாகப் பிடிப்பதில்லை. அது ஆட முயலும்போது அந்த ஆற்றலை ரப்பர் தின்றுவிடுகிறது. ஒத்ததிர்வின் உச்சி மழுங்கிப்போகிறது. குளிரிலும் விறைக்காது, 150 டிகிரியைத் தாண்டியும் அப்படியே இருக்கும்.

விரிவு மட்டும் அதிகம். ஒரு டிகிரிக்குப் பத்து லட்சத்தில் 200 முதல் 300 பங்கு. போர்டு தன் தளத்தில் 14 முதல் 17 பங்குதான் விரியும். 10 மி.மீ. சிலிகான் 60 டிகிரி சூடானால் 0.15 மி.மீ. வளரும். பக்கவாட்டில் பிதுங்க இடம் இருந்தால் இதனால் ஒரு தொல்லையும் இல்லை, மிருதுவான பொருள் அழுத்தாமல் வழிந்துவிடும். காம்போனென்ட்டின் அடியில் நாலு பக்கமும் அடைத்து நிரப்பிவிட்டால் கதை மாறும். போக வழியில்லாத ரப்பர் கிட்டத்தட்ட தண்ணீர் மாதிரி, அமுங்காது. மேலே தூக்கும், சால்டர் விரியும். அதனால்தான் அடியில் நிரப்பாதே, ஓரத்தில் வரி போடு என்கிறார்கள்.

கெப்பாசிட்டருக்கு நான் வைக்கும் முறை இது. முதலில் ஆல்கஹாலால் துடைத்து ஃப்ளக்ஸை எடுத்துவிட வேண்டும். பிறகு அடியிலிருந்து உயரத்தில் மூன்றில் ஒரு பங்காவது ஏறும்படி, மூன்று இடத்தில், 120 டிகிரி இடைவெளியில், வழியாத கெட்டி ரகச் சிலிகான். சுற்றிலும் ஒரே வளையமாக மூடுவதில்லை. எலக்ட்ரோலிட்டிக்கின் அடியில் இருக்கும் ரப்பர் மூடியை முழுசாக அடைக்காதீர்கள், ஹாலஜன் கலந்த பசையும் க்ளீனரும் வேண்டாம் என்று தயாரிப்பாளர்களே எழுதுகிறார்கள். ஹாலஜன் உள்ளே கசிந்தால் அலுமினியத்தை அரிக்கும். தலையில் கீறல் போட்டிருக்கும் இடம் வெடிக்காமல் காற்று விடுவதற்கு வைத்த வாசல், அங்கே ஒரு துளியும் படக் கூடாது. இரண்டு கெப்பாசிட்டர் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் நடுவே ஒரு பாலம் போட்டுவிடுங்கள். ஒன்றையொன்று தாங்கும்.

பொறுமை இல்லாதவர்களுக்குச் சிலிகான் ஒத்துவராது. காற்றின் ஈரத்தைக் குடித்து வெளியிலிருந்து உள்ளே இறுகும், ஒரு நாளைக்குச் சுமார் 2 முதல் 3 மி.மீ. தடிப்பாக வைத்துவிட்டு மறுநாள் பெட்டியை மூடி அனுப்பினால் உள்ளே இன்னும் பசையாகத்தான் இருக்கும். இன்னொரு குறை, சில சிலிகான்கள் விடும் ஆவி ரிலே, ஸ்விட்ச் தொடுமுனைகளில் படிந்து, தீப்பொறியில் எரிந்து சிலிக்காவாகிவிடும். அது மின்கடத்தாப் பொருள். திறந்த ரிலே உள்ள பெட்டியில் ஆவி குறைந்த ரகம் என்று கேட்டு வாங்க வேண்டும். விண்வெளிக்குப் போகிற பொருளானால், ஏஎஸ்டிஎம் இ595 சோதனையில் மொத்த எடையிழப்பு 1 சதவீதத்துக்கும், படியக்கூடிய ஆவி 0.1 சதவீதத்துக்கும் மிகாத ரகமே எடுபடும்.

எபாக்சி

"கல்லு மாதிரி பிடிக்கும்" என்று சொல்லிக் கொடுக்கும் பசை. உண்மைதான், தொல்லையும் அதுதான்.

அடி, அதிர்வு இரண்டிலும் கனமான ஒன்றை நகரவிடாமல் வைக்க எபாக்சியை மிஞ்ச ஆளில்லை. தரையகலமான டிரான்ஸ்ஃபார்மர், பெரிய இண்டக்டர், படுத்திருக்கும் பெரிய கெப்பாசிட்டர் இதற்கெல்லாம் தரலாம். படுத்திருக்கும் காம்போனென்ட்டுக்கு ஒரு பக்கத்திலாவது நீளத்தில் பாதிக்கும் விட்டத்தில் கால் பங்குக்கும் பசை பிடித்திருக்க வேண்டும் என்று போர்டு தயாரிப்புக்கான தரநிலை ஐபிசி-ஏ-610 கேட்கிறது. அதற்குக் குறைந்த பொட்டு வைப்பது அலங்காரம்.

ஆனால் வெப்பம் ஏறி இறங்கும் இடத்தில் கவனம். எபாக்சி 50, 60 பங்கு விரியும், போர்டு 15 பங்கு. விறைப்பான பொருள் என்பதால் அந்த வித்தியாசம் முழுதும் விசையாக மாறி, பலவீனமான இடத்தைத் தேடிப் போகும். கண்ணாடி உடல் கொண்ட டையோடு மேல் எபாக்சி வழிந்தால் ஒரு குளிருக்குள் கீறல் விடும். ஃபெரைட் கோரைச் சுற்றி முழுசாகப் பூசினால், ஆறும்போது அது இறுக்கி, இண்டக்டன்ஸ் மாறும், சில சமயம் கோரே வெடிக்கும். நான் நேரில் பார்த்தது இன்னொன்று: டிரான்ஸ்ஃபார்மருக்கு வைத்த எபாக்சி வழிந்து பக்கத்தில் இருந்த சின்ன எஸ்எம்டி ரெசிஸ்டரின் அடியில் புகுந்துவிட்டது. சூட்டுச் சோதனையில் டிரான்ஸ்ஃபார்மர் அசையவில்லை. அந்த ரெசிஸ்டரின் ஒரு முனை பேடோடு எழும்பி நின்றது. எபாக்சி வைக்கிறவர் கெட்டியான ரகம் வாங்க வேண்டும், சின்ன காம்போனென்ட் இருக்கும் பக்கம் வரி இழுக்கக் கூடாது. பாதி வளையும் எபாக்சியும், பாலியூரித்தேனும் சிலிகானுக்கும் விறைத்த எபாக்சிக்கும் நடுவில் நிற்கின்றன. வெப்ப வீச்சு அதிகமில்லாத இடத்தில் அவை நல்ல சமரசம்.

ரிப்பேர் என்று வந்தால் எபாக்சி போட்ட இடத்தைக் கைகழுவிவிட வேண்டியதுதான். காம்போனென்ட் வரும், கூடவே ட்ராக்கும் வரும்.

தொடக் கூடாத இரண்டு

சூப்பர் க்ளூ நேராக இழுத்தால் தாங்கும். உரித்தால், தட்டினால் விட்டுவிடும். நாம் தேடுவதோ தட்டினால் தாங்குகிற ஒன்றை. சுற்றிலும் வெள்ளைப் பூஞ்சை மாதிரி படிவதும் உண்டு. மெல்லிய ஜம்பர் ஒயரைப் போர்டில் படுக்க வைக்க மட்டும் சரி.

இன்னொன்று, பழைய டிவி, மானிட்டர், பவர் சப்ளைகளைத் திறந்தவர்களுக்குத் தெரிந்த மஞ்சள் பசை. குளோரோபிரீன் ரப்பர். புதிதில் வெளிர் மஞ்சள், சூட்டில் வருஷங்கள் போகப் போகக் கரும்பழுப்பு. பழுப்பானதும் மின்சாரத்தைக் கடத்தத் தொடங்கும், தொட்ட கால்களை அரிக்கும். ரிப்பேருக்கு வந்த போர்டில் கண்டால், வந்த குறை வேறாக இருந்தாலும் சுரண்டி எடுத்துவிடுங்கள்.

கட்டுவதும் கவ்வுவதும்

ஒரு காலின் மேல் 5 கிராமுக்கு மேல் எடை விழுந்தால் தனியாகத் தாங்கல் கொடு என்பது போர்டு வடிவமைப்பவர்கள் நெடுநாளாகக் கையாளும் எல்லை. கனம் அதற்கு மிஞ்சிப் போனால் பசையை மட்டும் நம்பாமல் உலோக க்ளிப்போ பிராக்கெட்டோ வைக்கலாம். கெப்பாசிட்டரைப் படுக்க வைத்து, இரு பக்கமும் துளை போட்டுக் கேபிள் டையால் கட்டுவது நல்ல வழி. ஈர்ப்பு மையம் போர்டுக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறதே, அதிலேயே பாதிப் பிரச்சினை தீர்ந்தது. நைலான் டை மட்டும் போதாது. வறண்ட சூட்டில் அது நாளடைவில் தளர்ந்து நொறுங்கும். டையின் அடியில் ஒரு வரி சிலிகான் போட்டால் இரண்டும் சேர்ந்து நிற்கும்.

ஹீட்சிங்கில் மாட்டும் டிரான்சிஸ்டருக்கு வரிசை முக்கியம். முதலில் ஸ்க்ரூ, பிறகு சால்டர். மாற்றிச் செய்தால் கால்கள் இழுபட்டே பிறக்கும். ஹீட்சிங்கும் போர்டோடு பிணைந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் அதன் கனத்தை மூன்று மெல்லிய கால்கள் சுமக்கும்.

ஒயருக்கும் இதே நியாயம். சால்டர் இழைகளுக்குள் ஏறிய இடம் வரை கம்பி விறைத்திருக்கும், அது முடியும் இடத்தில்தான் அறும். இணைப்புக்குப் பக்கத்திலேயே ஒயரைக் கட்டி நிறுத்திவிட்டால், ஆட்டம் அந்த எல்லைக்கு வராது.

பிஜிஏவும் கிறிஸ்டலும்

உயரமே இல்லாத பிஜிஏ சிப் தலையாட்டுவதில்லை, போர்டு வளையும்போது அது மட்டும் வளைய மறுக்கிறது. அந்தச் சண்டை மூலையில் இருக்கும் உருண்டைகளில் முடிகிறது. அடியில் ஊறிப் பரவும் அண்டர்ஃபில் அந்த விசையை எல்லா உருண்டைக்கும் பங்கு போட்டுக் கொடுக்கும். அதில் சிலிக்காத் தூள் கலந்து விரிவைக் குறைத்திருப்பார்கள். கையில் பிடிக்கும், கீழே விழும் சாதனத்துக்கு இது பெரும் உதவி. பிறகு சிப்பை மாற்றுவது கடினம் என்பதால், நான்கு மூலைக்கும் மட்டும் பசை வைப்பது பலருக்குப் போதுமானதாக இருக்கிறது. சின்ன எண்ணிக்கையில் செய்கிறவர்கள் மூலையில் தொடங்கிப் பாருங்கள்.

நிற்கும் உலோகக் குடுவைக் கிறிஸ்டலைப் படுக்க வைத்துச் சிலிகான் வரி போடலாம். அடி அதிகம் என்றால் மெம்ஸ் ஆசிலேட்டருக்கு (குவார்ட்ஸுக்குப் பதில் நுண்ணிய சிலிக்கான் துண்டு அதிரும் ரகம்) மாறிவிடுவதே மேல். உள்ளே இருக்கும் குவார்ட்ஸ் தகட்டை வெளியே வைக்கும் பசை காப்பாற்றாது.

கோட்டிங், பாட்டிங்

கன்ஃபார்மல் கோட்டிங் (போர்டின் மேல் அடிக்கும் மெல்லிய காப்புப் பூச்சு) அடித்தாயிற்று, அதிர்வுக்கும் அது போதும் என்று சிலர் நினைக்கிறார்கள். அக்ரிலிக் கோட்டிங் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு தடிமன். ஈரத்துக்கு அது சட்டை, எடையைத் தாங்காது.

பாட்டிங் மறு கோடி. பெட்டியை முழுசாக ஊற்றி நிரப்பிவிட்டால் எதுவும் எதைச் சார்ந்தும் அசையாது, நான் மேலே கேட்ட கேள்விக்கே இடமில்லை. நீரும் வராது. ஆனால் எடை ஏறும், அந்த எடையை இப்போது பெட்டியின் காதுகள் தாங்க வேண்டும். அடுத்து முறிவது அவைதான். விறைத்த எபாக்சி ஊற்றினால் இறுகும்போது சுருங்கி செராமிக் கெப்பாசிட்டரை நசுக்கும். பெரிய அளவில் ஊற்றினால் தன் சூட்டிலேயே கொதிக்கும். எலக்ட்ரோலிட்டிக்கின் வாசலும் அடைபடும். ரிப்பேர் என்ற பேச்சே எடுக்க முடியாது. ஊற்றித்தான் ஆக வேண்டும் என்றால் மிருதுவான பாலியூரித்தேன் அல்லது சிலிகான் ஜெல். வண்டியின் அடிவயிற்றில் தண்ணீரும் அதிர்வும் சேர்ந்து அடிக்கும் சின்ன மாட்யூலுக்கு இது நியாயமான தேர்வு. ரிப்பேர் செய்து ஓட்ட வேண்டிய விலையுயர்ந்த கன்ட்ரோலருக்கு, எனக்குக் கை வராது.

ரப்பர் புஷ் வைத்து போர்டையே மிதக்க விடலாமே என்றும் கேட்பார்கள். வரும் அதிர்வின் அதிர்வெண், ரப்பரில் அமர்ந்த போர்டின் இயல்பு அதிர்வெண்ணைப்போல் 1.41 மடங்குக்கு மேல் இருந்தால்தான் அது தடுக்கும். அதற்குக் கீழே பெருக்கும். மெதுவாகச் சுழலும் எஞ்சின் பக்கத்தில் தெரியாமல் போட்ட புஷ், ஊஞ்சலைத் தள்ளிவிட்ட கதையாகிவிடும். மிதக்கும் போர்டு பெட்டியில் இடிக்காமல் இருக்க நாலு பக்கமும் இடமும் வேண்டும்.

சரியாகத்தான் வைத்தோமா?

அதிர்வு மேசை இருக்கும் ஆய்வகத்துக்குப் போக முடிந்தால், கேட்க வேண்டிய சோதனைத் தரநிலைகள்: ஐஇசி 60068-2-6 சைன் அதிர்வுக்கு, 2-64 ஒழுங்கற்ற அதிர்வுக்கு, 2-27 அடிக்கு. அங்கே ஸ்ட்ரோப் விளக்கைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். விளக்கின் துடிப்பை மேசையின் அதிர்வெண்ணுக்கு ஒரு துளி விலக்கி வைத்தால், கண்ணுக்குத் தெரியாமல் துடித்த கெப்பாசிட்டர் நெல் கதிர் மாதிரி மெதுவாகச் சாய்ந்து சாய்ந்து வரும். எது ஆடுகிறது என்ற சந்தேகம் அந்த ஒரு நிமிஷத்தில் தீர்ந்துவிடும்.

மேசை இல்லாவிட்டால் விரல் இருக்கிறது. உயரமான ஒவ்வொன்றையும் லேசாகத் தள்ளிப் பாருங்கள். தனியாக அசைந்தால் அதற்குத் தாங்கல் போதவில்லை. பிறகு போர்டின் நடுவைப் பென்சில் முனையால் தட்டுங்கள். கணீரென்று இழுத்து ஒலித்தால் ஆட்டத்தைத் தின்ன ஒன்றும் இல்லை. மொத்தென்று அடங்கினால் நல்லது.

என் மேசைக்கு வந்த அந்த கன்ட்ரோலருக்குப் புதுக் கெப்பாசிட்டர் போட்டேன். படுக்க வைக்க இடமில்லை. பழைய க்ளூவை ஆல்கஹால் விட்டு எடுத்து, மூன்று வரி ஆல்காக்ஸி சிலிகான் வைத்து, மூன்று நாள் தொடாமல் விட்டேன். நான்காம் நாள் விரலால் தள்ளினால் கெப்பாசிட்டர் அசையவில்லை, அதன் அடியில் போர்டு முழுவதும் மேலும் கீழும் போனது. நடுவில் துளை போட வழியில்லை, உள்ளடுக்கில் ட்ராக் ஓடுகிறது. அதனால் போர்டுக்கும் பெட்டியின் அடித்தகட்டுக்கும் இடையே, ட்ராக் மட்டும் போகிற, கால்கள் நீட்டாத ஒரு இடம் பார்த்துக் கெட்டியான சிலிகான் ரப்பர் துண்டு ஒன்றை, ஒரு நூல் அமுங்கும் உயரத்துக்கு வெட்டி, ஒட்டி வைத்தேன். பென்சிலால் தட்டினால் இப்போது மொத்தென்றுதான் கேட்கிறது.